சின்னதுரையோடு ஒரு சனிக்கிழமை

கசாக்குகளின் தலைநகரமான அஸ்தானாவில் குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் ஊரில் யாருமே இருப்பதில்லை. எல்லோரும் மாலில் இருக்கிறார்கள். வெளியே காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டு முறை மூச்சு விட்டால் இமை முடியில் பனி கட்டிவிடும். பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைத்தால் திரைச்சீலையைப் பிடித்துத் தொங்குவார்கள். அதனால் நகரத்து அறிவாளிகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு உடுப்பு மாட்டி, மாலுக்குக் கொண்டுபோய், அத்தனையையும் அங்கே கழற்றி, வியர்க்க வியர்க்க ஓடவிட்டு, திரும்பவும் அத்தனையையும் மாட்டி வீட்டுக்கு இழுத்துவருவது. கடைசிப் பொத்தானைப் போட்ட பிறகுதான் பிள்ளைக்குக் கழிப்பறை ஞாபகம் வரும். திங்கட்கிழமை சளி வரும். இதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

மக்பாலுக்கும் இந்தப் பொழுதுபோக்கு உண்டு. வாரநாட்களில் அவளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. பிள்ளைகளுக்கான நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கருவியை எடுத்ததுமே பிள்ளைகள் 'அம்மா' என்று அலறுவார்கள். கதவுக்கு வெளியே செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அது கேட்கிறதோ இல்லையோ, மக்பாலின் காதில் முழுசாக விழும். இப்படி வாரம் முழுக்க ஊரார் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்து அம்மா என்கிறார்கள். அவள் பெற்ற மூத்த பிள்ளை அலினூர் அவளை அண்ணி என்கிறான்.

இதில் மூடுமந்திரம் ஒன்றும் இல்லை. தலைப்பிள்ளையைத் தாத்தா பாட்டிக்குக் கொடுத்துவிடுவது கசாக்குகளிடம் உள்ள வழக்கம்தான். இப்போதெல்லாம் பலபேர் அது இது என்று சாக்குச் சொல்லி நழுவிவிடுகிறார்கள். மக்பாலுக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. குழந்தைக்கு நாற்பது நாள் முடிந்த விருந்தில் மாமியார் கூல்ஸிபா அவனைக் கையில் வாங்கி, "இவன் என் கடைக்குட்டி" என்று சபையில் சொன்னார். பெரியவர்கள் கை ஏந்தி ஆசி சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டு, குதிரைக்கறித் தட்டை நோக்கித் திரும்பினார்கள். மக்பால் அடுப்படியில் நாற்பது பேருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்று கைமாறிய பிள்ளை பிறகு திரும்பி வரவில்லை.

ஆகவே இப்போது அலினூருக்குக் கூல்ஸிபாதான் அம்மா. பெற்ற அப்பன் பெக்ஸாத் அண்ணன். மக்பாலுக்கு இரண்டாவதாகப் பிறந்த மகள் தோமிரிஸுக்கு நாலரை வயது. கூடப்பிறந்த அண்ணனை அவள் சித்தப்பா என்று கூப்பிட வேண்டும் என்பது மாமியார் உத்தரவு. அவளும் கூப்பிடுகிறாள். சித்தப்பா பொம்மையைப் பிடுங்கினால் சித்தப்பாவின் கையைக் கடிக்கும் உரிமையை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

இதோடு விட்டிருந்தாலும் போகட்டும். கொழுந்தன் பேரை அண்ணி வாயால் சொல்லக் கூடாது என்று இன்னொரு வழக்கம் இருக்கிறது. புகுந்த வீட்டு ஆண்களுக்கு, தொட்டிலில் கிடக்கிறவன் வரைக்கும், மருமகள் தானே ஒரு செல்லப்பேர் வைத்து அதைத்தான் சொல்ல வேண்டும். கட்டடம் எல்லாம் கண்ணாடியாகிவிட்ட இந்த ஊரில் இதையெல்லாம் இன்னும் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். கூல்ஸிபா பார்க்கிறார். அலினூர் தத்தித் தத்தி நடந்த காலத்தில் மக்பால் ஒருநாள் வாய்தவறி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள்.

"கொழுந்தன் பேரச் சொல்ற அளவுக்கு நாக்கு நீண்டுடுச்சா மருமகளே?" என்று கேட்டார் கூல்ஸிபா, சொந்தக்காரர்கள் முன்னால்.

அன்றிலிருந்து மக்பாலுக்கு அவன் சின்னதுரை. வாங்க, போங்க என்ற மரியாதை வேறு. அலினூர் என்று பேர் தேடி எடுத்தவளே அவள்தான். வயிற்றில் இருந்தபோது அந்தப் பேரைச் சொல்லித்தான் அவனோடு பேசினாள். அந்தக் கணக்கெல்லாம் கூல்ஸிபா வீட்டில் செல்லாது.

பிப்ரவரியில் அலினூர் படிக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வாரம் தனியாக விடுமுறை விடுவார்கள். அந்த வாரம் பையன் எங்கள் வீட்டில் இருக்கட்டுமே என்று மக்பால் கேட்டுப் பார்த்தாள். அலினூர் அவள் வீட்டில் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை. அவன் தூக்கத்தில் புரளுவானா, போர்வையை உதைப்பானா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். கூல்ஸிபா உடனே மறுத்துவிடவில்லை.

"மொதல்ல ஒரே ஒரு சனிக்கிழமை ஒழுங்காப் பாத்துக் காட்டு. அப்புறம் வாரத்தப் பத்திப் பேசலாம்" என்றார்.

வழக்கமாக மாலுக்கும் அவரே கூட வருவார். மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, அலினூர் எத்தனை முறை மூச்சு விடுகிறான் என்று மேற்பார்வை பார்ப்பார். இந்த வாரம் முழங்கால் பிடித்துக்கொண்டது. முழங்காலுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு மக்பால் மாமியார் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே மாமனார் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் நடக்கிற மல்யுத்தத்தில் அவர் தலையிடுவதில்லை.

"நான் எப்பிடிக் குடுக்கறேனோ அப்பிடியே வரணும்" என்றார் கூல்ஸிபா, பையன் கழுத்தில் மூன்றாவது சுற்றாகக் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டே. "இருமல் கூடாது. ஈரம் கூடாது. ஒடம்புல ஒரு கீறல் கூடாது."

"சரிங்க அத்தை."

"சளி பிடிக்காம இருக்க நெஞ்சுல ஆட்டுவால் கொழுப்பு தடவியிருக்கேன். தொடைச்சு விட்டுடாத. இந்தா, ஃபிளாஸ்க் நெறையக் கறிச்சாறு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிக்க வச்சிடணும். அங்க விக்கிற கலர் தண்ணியப் பாக்கக்கூட விடாத."

"சரிங்க அத்தை."

"என்னத்த சரி? திருப்பிச் சொல்லு பாப்போம்."

மக்பால் திருப்பிச் சொன்னாள். பெக்ஸாத் லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடியதும், "கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு எடுத்தாக்கூட இவ்வளவு நிபந்தனை போடமாட்டாங்க" என்று முணுமுணுத்தான். அம்மாவுக்கு எதிராக அவன் வாய் திறப்பது எப்போதும் லிஃப்டுக்குள்தான்.

மாலில் விளையாட்டுக் கூடத்து வாசலில், பபிள்கம் மென்றுகொண்டு ஒரு பெண் பிள்ளைகளின் கையில் காகித வளையம் கட்டிக்கொண்டிருந்தாள். வளையத்தில் பேர் எழுத வேண்டும். பெக்ஸாத் இன்னும் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"பையன் பேரு?"

மக்பாலுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. "நீங்களே சொல்லுங்க சின்னதுரை" என்றாள்.

"அலினூர்!"

அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை பேர் தெரியாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்ற பார்வை. "நீங்க இவனுக்கு யாரு?"

மக்பால் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "என்னோட அண்ணி."

"அம்மா வரலையா?"

"அம்மாவுக்கு முழங்கால் வலி."

"அப்படியா? ஆனா மூக்கு, கன்னமெல்லாம் அப்படியே உங்க அண்ணி மாதிரியே இருக்கேடா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க" என்றான் அலினூர், இதிலே என்ன அதிசயம் என்பதுபோல.

"சரி, ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லி அந்தப் பெண் உள்ளே விட்டாள். மக்பாலுக்கு அதுவே பெரிய பதவி உயர்வாகப் பட்டது. இத்தனை வருஷத்தில் அவனுக்குப் பொறுப்பு என்று அவளை யாரும் சொன்னதில்லை.

கூடத்துக்குள் ஊரே இருந்தது. ஒரு மூலையில் பிறந்தநாள், எதிர்மூலையில் இன்னொரு பிறந்தநாள். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் வேறு வேறு பாட்டைக் கத்திக்கொண்டிருந்தன. கரடி வேஷம் போட்ட ஒரு வாலிபன், உள்ளே வேர்த்து வடிந்துகொண்டே, குழந்தைகளை மகிழ்ச்சியாக இருக்கும்படி மிரட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சுகளில் அம்மாக்கள் கோட்டுக் குவியல்களுக்குக் காவல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாக்கள் எல்லோரும் எங்கே என்று பார்த்தால், வெளியே வரிசையாகப் போட்டிருந்த மசாஜ் நாற்காலிகளில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்கள். பெக்ஸாத்தும் வந்தான், பிள்ளைகளுக்குக் கை காட்டினான், நேரே போய் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டான்.

மக்பால் முதல் வேலையாகக் கறிச்சாற்றைக் குடிக்க வைத்தாள்.

"வயிறு முட்டுது அண்ணி."

"இன்னும் ரெண்டு மடக்குதான். அத்தை ஃபிளாஸ்க்கக் கவுத்துப் பாப்பாங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தான். பிறகு வலைக்கூண்டுக்குள் புகுந்து ஏணியில் ஏறி மறைந்தான். உச்சியிலிருந்து ஒரு தடித்த ஆரஞ்சுக் குழாய் வளைந்து வளைந்து இறங்கிப் பந்துக்குளத்தில் முடிந்தது. மக்பால் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாப் பிள்ளைகளும் வந்து விழுந்தார்கள். அலினூர் மட்டும் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் தோமிரிஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, சித்தப்பா குழாய்க்குள்ளயே உக்காந்துட்டார். வரமாட்டேங்குறார். பின்னாடி எல்லாரும் திட்டுறாங்க."

மக்பால் வலையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினாள். "சின்னதுரை! கீழ வாங்க சின்னதுரை!"

கரடி பக்கத்தில் வந்து நின்றது. "யாருக்கா அது சின்னதுரை? நாய்க்குட்டியா? நாயெல்லாம் உள்ள விடக் கூடாதுக்கா."

அவள் கரடியைப் பார்த்த பார்வையில் கரடி இரண்டடி பின்வாங்கியது. காலணிமேல் மாட்டியிருந்த நீல பிளாஸ்டிக் உறையோடு பூட்ஸையும் கழற்றி எறிந்தாள். அன்றைக்கென்று எடுத்து உடுத்திய நல்ல பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணியில் ஏறி, உச்சியில் பிள்ளைகளுக்காக அளந்து செய்த குழாய் ஓட்டைக்குள் தலையை விட்டாள். தலை போயிற்று. மற்றதெல்லாம் போவதற்குக் கொஞ்சம் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. "ஆன்ட்டி, சீக்கிரம் போங்க ஆன்ட்டி! ஆன்ட்டி மாட்டிக்கிச்சு!" என்று அடுத்த வீதிக்கே கேட்கும்படி அறிவிப்பும் நடந்தது.

குழாயின் முதல் வளைவில், ஆரஞ்சு வெளிச்சத்தில், அலினூர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போங்க அண்ணி."

"என்ன ஆச்சு சின்னதுரை? பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம். போங்கன்னு சொல்றேன்ல."

பக்கத்தில் நகர்ந்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. கூல்ஸிபாவின் கறிச்சாறு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வேலை செய்திருந்தது. கால்சட்டை முழுக்க ஈரம்.

அவன் உதடு துடித்தது. "கீழ எங்க வகுப்புப் பொண்ணு நிக்குது. கரடி வேற நிக்குது. எல்லாரும் பாப்பாங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சத்தம் வெளியே போகாமல் முழங்காலில் வாயை அழுத்திக்கொண்டு அழுதான்.

"அலினூர்."

அவள் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிய பேர் அது. வெளியே வந்ததும் அந்தக் குறுகலான நாற்றமடிக்கிற இடத்தில் அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

"அலினூர், இங்க பாருடா. ஒண்ணுமே இல்லடா."

அவன் அழுகையை நிறுத்திவிட்டான். ஆறுதலால் அல்ல, அதிர்ச்சியால். "அண்ணி, என் பேரச் சொல்லிட்டீங்க."

"ஆமா."

"டா வேற போட்டீங்க."

"ஆமா, போட்டேன்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உங்கள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க."

"ஆக்குவாங்கதான்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தான். வியாபாரம் பேசுகிறவன் முகம் வந்தது. "நீங்க இத அம்மாகிட்ட சொல்லாதீங்க. நானும் அதச் சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சொன்னா ரொட்டி என்னைத் தண்டிக்கட்டும்" என்றான். அதற்கு மேலே சத்தியம் கிடையாது.

அவள் தன் சால்வையை அவிழ்த்து அவன் இடுப்பில் சுற்றினாள். மடியில் உட்கார வைத்து இறுக்கிக்கொண்டாள். அந்த நாற்பதாம் நாள் விருந்துக்குப் பிறகு அவன் அவள் மடியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. இரண்டு பேருமாகக் குழாயில் உருண்டு, அவள் குரல் எது அவன் குரல் எது என்று தெரியாத ஒரு கூச்சலோடு பந்துக்குளத்தில் போய் விழுந்தார்கள். கரடி கைதட்டியது. வகுப்புப் பெண் பார்த்தது எல்லாம் ஒரு பெரிய மனுஷியின் கால்கள் மேலே நிற்பதைத்தான்.

கழிப்பறையில் அவனைக் கழுவித் துடைத்தாள். ஈரக் கால்சட்டையோடு வெளியே கூட்டிப்போனால் வண்டிக்குப் போவதற்குள் அது உறைந்து பலகையாகிவிடும். வேறு வழி இல்லாமல் தோமிரிஸ் உள்ளே போட்டிருந்த தடித்த கம்பளிக் காலுறையைக் கழற்றினாள். இடுப்புவரை வரும், நன்றாக இழுபடும். இளஞ்சிவப்பு நிறம், இரண்டு முழங்காலிலும் முயல்.

"என் முயல்! சித்தப்பா போட்டா என் முயல் கிழிஞ்சிடும்!"

"கத்தாத. ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்."

"ரெண்டு முயல் இருக்கு. ரெண்டு ஐஸ்கிரீம்" என்றாள் தோமிரிஸ்.

திரும்பி வரும்போது வண்டியில் பெக்ஸாத், "என்னமோ வாசனை வருதே?" என்றான்.

"கறிச்சாறுண்ணே" என்றான் அலினூர், கண்ணை இமைக்காமல்.

வாசலில் கூல்ஸிபா தயாராக நின்றார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பெக்ஸாத் வண்டியை அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று சொல்லி மகளோடு கீழேயே இருந்துகொண்டான். கூல்ஸிபா ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தொப்பி, துண்டு, கோட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, சுங்க அதிகாரி பெட்டியைச் சோதிப்பதுபோல் சோதித்தார். கடைசியில் மேலே மாட்டியிருந்த பனிக்கால்சட்டையை இறக்கினார். இரண்டு முயல்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன.

"இது என்ன கோலம்?"

உங்கள் கறிச்சாறுதான் அத்தை என்று மக்பால் சொல்லியிருக்கலாம். சொன்னால் குற்றம் ஃபிளாஸ்க்கின் தலையில் போகும், அவள் தப்பிப்பாள், அந்த ஒரு வாரமும் கிடைக்கும். அலினூர் குனிந்து முயலின் காதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காது மடல் சிவந்துவிட்டது.

"டீயக் கொட்டிட்டேன் அத்தை. அவர் மடியில."

"கொதிக்கிற டீயா?"

"ஆறினதுதான்."

"ஆறின டீயக்கூடக் கையில பிடிக்கத் தெரியாதா உனக்கு? ஊரான் பிள்ளைங்க கையெல்லாம் பிடிக்கத் தெரியுது! ஒருநாள் நம்பிக் குடுத்தேன், பொட்டப்பிள்ள துணியப் போட்டுக் கொண்டாந்து நிறுத்துற. இதுல ஒரு வாரம் வேணுமாம் ஒரு வாரம். விடுமுறையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். போ."

மக்பால் தலையை ஆட்டினாள். கையில் ஈரத்துணிப் பையோடு திரும்பினாள். ஒரு வாரம் போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் அவன் இரண்டாம் வகுப்பு, இந்த விடுமுறையும் கிடையாது.

"நான் போவேன்" என்றது ஒரு குரல்.

"எங்கடா போவ?" என்றார் கூல்ஸிபா.

"லீவுக்கு அண்ணி வீட்டுக்கு."

"உன் மேல டீயக் கொட்டினவடா அவ."

"கொட்டினா கொட்டட்டும். தெனமும் கொட்டினாலும் பரவால்ல. நான் வேற கால்சட்டை எடுத்துட்டுப் போறேன்" என்றான் அலினூர், முயல்களோடு நிமிர்ந்து நின்று.

உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. மாமனார் தலையை எட்டிப் பார்த்துவிட்டு, இதுதான் நல்ல மல்யுத்தம் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே நின்றுவிட்டார். கூல்ஸிபா பையனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு மக்பாலின் கையிலிருந்த பையை வாங்கி, முடிச்சை அவிழ்த்து முகர்ந்தார். நான்கு பிள்ளை பெற்று வளர்த்தவருக்குத் தேநீர் வாசனை எது என்று தெரியாதா? திரும்ப முடிச்சுப் போட்டார்.

"கம்பளிக் கால்சட்டை நாலுதான் இருக்கு" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "பத்தலன்னா உன் அண்ணிய வாங்கித் தரச் சொல்லு."

மக்பால் கீழே வந்து வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பெக்ஸாத் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே, "என்ன, ரொம்ப திட்டிட்டாங்களா?" என்றான்.

"திட்டினாங்க. லீவுக்கு நம்ம வீட்டுல இன்னொரு கட்டில் போடணும்."

"யாருக்கு?"

"அலினூருக்கு."

பெக்ஸாத்தின் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அவள் வாயிலிருந்து அந்தப் பேரை அவன் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. பின்னால் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்த தோமிரிஸ் எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா நம்ம வீட்டுக்கு வர்றாரா?"

"சித்தப்பா இல்லடி" என்றாள் மக்பால். "உன் அண்ணன்."